எழுதப்படாத ஓலை: திண்ணையில் பெட்டி முடைந்த வரலாறு

தமிழில் ஓலை என்ற சொல் மரத்தில் விரிந்திருக்கும் இலையையும், அதில் எழுதிய கடிதத்தையும், நிலத்துக்கும் கடனுக்கும் சான்றாக நின்ற ஆவணத்தையும் ஒருங்கே குறித்து வந்திருக்கிறது. ஆளோலை, மணவோலை என்று எழுத்தோடு சேர்ந்த ஓலைகள் வரலாற்று நூல்களில் தமக்குரிய இடத்தைப் பெற்றுவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உ.வே.சாமிநாதையர் முதலியோர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடியபோது, தமிழகத்தின் பல வீடுகளில் அதே பனையின் ஓலையால் முடைந்த பெட்டிகளும் பாய்களும் சுளகுகளும் நாள்தோறும் கைபட்டுப் புழங்கிக்கொண்டிருந்தன. எழுதிய ஓலை அச்சேறி நிலைபெற்றது; முடைந்த ஓலையோ நைந்ததும் அடுப்புக்குப் போனது. முடைந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதாலும், முடைந்த பொருளில் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை என்பதாலும், நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் கரையானிலும் ஓலை நெடுங்காலம் தங்காது என்பதாலும், இக்கைவினைக்கு எழுதிவைத்த வரலாறு என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. அதைத் தேட விரும்புவோர் கல்வெட்டுகளை விட்டுவிட்டு, சொற்களிலும் சமையலறைகளிலும் சீர்வரிசைகளிலும்தான் தேட வேண்டும்.

சொற்களிலிருந்து தொடங்குவதே பொருத்தம். தொல்காப்பியத்தின் மரபியல், வயிரம் உள்ளே இருப்பவற்றை மரம் என்றும், வயிரம் புறத்தே இருப்பவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல் இனத்தைச் சேர்ந்தவை. புல்லுக்கு உரிய உறுப்புப் பெயர்களாக அந்நூல் சொல்பவற்றுள் ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை ஆகியவை உண்டு. இப்பெயர்களில் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை இன்றைக்கும் பனங்காட்டுப் பக்கம் இல்லை. இலக்கணம் வகுத்தவர் பட்டியலிட்ட சொற்களையே பெட்டி முடைகிற பெண் இன்றும் வாயில் வைத்திருக்கிறாள் என்பது, எந்தத் தொல்பொருளும் தர முடியாத ஒரு தொடர்ச்சியைக் காட்டுகிறது.

சங்க இலக்கியத்தில் முடைந்த கலங்களுக்குப் பொதுவாக வழங்கும் பெயர் வட்டி. ஐங்குறுநூற்றின் 47ஆம் பாட்டில் பாண்மகள் ஒருத்தி கெடிற்று மீனை ஒரு மனையில் சொரிகிறாள். மீன் இருந்த அகன்ற வட்டி நிறைய அம்மனையோள் பயறு இட்டு அனுப்புகிறாள். நற்றிணையின் 210ஆம் பாட்டில், இரண்டாம் முறை உழுத ஈர வயலுக்கு விதை சுமந்து சென்ற வட்டி, திரும்பும்போது மீனோடு வீடு வருகிறது. இவ்விரு காட்சிகளிலும் கவனிக்கத்தக்கது, வட்டி போகும்போது ஒன்றையும் வரும்போது மற்றொன்றையும் சுமப்பது. வெறுங்கலமாக அது வீடு திரும்புவதில்லை. சீர் கொண்டுபோன பெட்டியை வெறுமையாகத் திருப்பி அனுப்பக் கூடாது, ஒரு பிடி அரிசியோ பழமோ இட்டே அனுப்ப வேண்டும் என்று வீடுகளில் இன்றும் சொல்லப்படும் முறைமையை அறிந்தவர்களுக்கு இப்பாட்டுகள் புதியவையாகத் தோன்றா. புறநானூற்றின் 177ஆம் பாட்டில் பனையோலையால் செய்த குடையில், அதாவது குடைவாக மடித்த ஓலைக் கலத்தில், உணவு உண்ணும் காட்சி வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் வாய் அகன்ற பிழா ஒன்றில் கூழை ஆற்றுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் கள்ளும் கூழும் குடிக்க ஓலையில் மடித்துக் கட்டும் பிளா என்ற கலத்தின் பெயர் இந்தச் சொல்லோடு உறவுடையதாகவே தோன்றுகிறது.

பனையோலை ஒரே பொருள் அன்று என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். மரத்தின் உச்சியில் இன்னும் விரியாமல் ஈட்டிபோல் நிற்கும் இளம் ஓலை குருத்தோலை. வெண்மஞ்சள் நிறமும் மென்மையும் உடைய இதுவே நுண்ணிய வேலைக்கு உகந்தது. விரிந்து பச்சையாக இருக்கும் முற்றிய ஓலை சாரோலை. பாய்க்கும் கடகத்துக்கும் வேலிக்கும் கூரைக்கும் இது பயன்படும். மரத்திலேயே காய்ந்து தொங்குவது காவோலை. விசிறிபோல் விரியும் ஒரு பனையோலையில் அறுபது, எண்பது என்ற அளவில் தனி இதழ்கள் இருக்கும். ஒவ்வோர் இதழின் நடுவிலும் ஓடும் நரம்புதான் ஈர்க்கு. ஓலையைத் தாங்கும் காம்பு மட்டை. அதன் இரு ஓரங்களிலும் வாள்போல் அமைந்த பற்கள் கருக்கு. மட்டையின் உட்புறத்திலிருந்து உரிக்கும் நார் அகணி, வெளிப்புறத்து நார் புறணி. குருத்தைக் கண்டபடி வெட்டினால் மரம் தளரும் என்பதால், வடலி எனப்படும் இளம்பனைகளிலிருந்தும் இடைவெளி விட்டுமே அது எடுக்கப்பட்டது. ஆக, ஒரு பெட்டிக்கு வேண்டிய இழையும் அதைக் கட்டும் நாரும் வாயை நிமிர்த்தி வைக்கும் ஈர்க்கும் ஒரே மரத்திலிருந்து கிடைத்தன. கடையில் வாங்க வேண்டிய பொருள் என்று சாயப்பொடி ஒன்றைத் தவிர எதுவும் இல்லை.

வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் உலர்த்துவார்கள். உலர்ந்த பின் இதழ்களைப் பிரித்து, ஈர்க்கை நீக்கி, வேண்டிய அகலத்துக்குக் கிழிப்பார்கள். இதற்கு ஓலை வார்தல் என்று பெயர். யாழ்ப்பாணத்தில் இவ்வேலைக்கென்றே சத்தகம் என்ற சிறு கத்தி உண்டு. பழகிய கை அளவுகோல் இல்லாமலே வாருகிறது; நூறு இழைகளையும் ஓர் அகலத்தில் வாரிவிடுவதில்தான் பெட்டியின் அழகு பாதி முடிந்துவிடும். ஓரிழை அகன்று மற்றோரிழை குறுகினால் முடையும்போது கட்டங்கள் கோணும். கோணியது வாய்வரை கோணிக்கொண்டே போகும். சாயம் ஏற்ற வேண்டிய இழைகளைத் தனியே எடுத்துக் கொதிக்கும் சாயநீரில் இட்டு நிழலில் உலர்த்துவார்கள். முடைவதற்கு முன் இழைகளை ஈரத்துணியில் சுற்றி வைப்பது வழக்கம், ஏனெனில் வறண்ட ஓலை மடிப்பில் ஒடியும். இதனாலேயே வெயில் ஏறிய நண்பகலும் வறண்ட மேற்குக் காற்றும் இவ்வேலைக்கு ஆகா; பனி இறங்கிய விடியலும், வெயில் தாழ்ந்த மாலையும், அடைமழை நாளும் ஆகும். வீட்டின் பிற வேலைகள் ஓய்ந்திருக்கும் பொழுதுகளும் இவையே என்பதால், ஓலையின் இயல்பும் பெண்களின் ஓய்வும் ஒன்றோடொன்று பொருந்தி வந்தன. திண்ணையிலும் முற்றத்திலும் நாலைந்து பேர் கூடி அமர்ந்து, கண் வேறெங்கோ இருக்கக் கை தன்பாட்டில் ஓட, ஊர்க்கதையும் உறவுக்கதையும் பேசிக்கொண்டு முடைவது இந்தப் பொருத்தத்திலிருந்து பிறந்த வழக்கம்.

முடைதலின் நுட்பத்தைச் சற்று விரித்துச் சொல்லாமல் அதன் இன்பத்தைச் சொல்ல முடியாது. நெசவில் பாவு என்று நீளவாட்டில் நிற்கும் நூலும், ஊடை என்று குறுக்கே ஓடும் நூலும் வேறு வேறு. பாவு தறியில் கட்டுண்டிருக்கும், ஊடை மட்டுமே ஓடும். ஓலை முடைதலில் அந்த வேறுபாடு இல்லை, தறியும் இல்லை. எல்லா இழைகளும் ஒரே தகுதியுடையவை. இப்போது மேலே செல்வது அடுத்த கணம் கீழே செல்லும். தரையில் சில இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பரப்பி, குறுக்கே மற்றவற்றை ஒன்றுவிட்டு ஒன்றாக ஏற்றி இறக்கிச் செருக, நடுவிலிருந்து ஒரு சதுரம் வளரும். சதுரம் வேண்டிய அளவு வளர்ந்ததும் மூலை திருப்புவார்கள்: அடுத்தடுத்த இரு பக்கங்களின் இழைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கிட வைத்தால், அதுவரை தட்டையாகக் கிடந்த ஓலை எழுந்து நிற்கும். நான்கு மூலையும் திரும்பியபின் இழைகள் சுவரில் சாய்வாக ஏறுகின்றன. அடியில் சதுரமாகத் தொடங்கியது வாயில் வட்டமாக முடிகிறது. தட்டையான ஒன்று கையில் கொள்கலமாகும் அந்தக் கணம், முதன்முறை முடையும் சிறுமிக்கும் ஆயிரம் பெட்டி முடைந்த கிழவிக்கும் ஒரே மகிழ்ச்சியைத் தருகிறது என்று நம்பலாம். வாயை அடைந்த இழைகளை மடக்கி, வந்த வழியே கீழ்நோக்கிச் செருகிவிட்டால் தொடங்கிய நுனியும் முடிந்த நுனியும் கண்ணுக்குத் தெரியா.

சுமை தாங்க வேண்டிய கடகத்துக்கு இது போதாது. உள்ளே ஒரு படலமும் வெளியே முற்றிய ஓலையால் மற்றொரு படலமும் அமைத்து, விளிம்பில் மட்டைச் சிம்பை வைத்து அகணி நாரால் இறுக்கிக் கட்டுவார்கள். யாழ்ப்பாணத்தார் இதைக் கடகம் பொத்துதல் என்பார்கள். அங்கே பெட்டியையும் பாயையும் இழைப்பார்கள், கடகத்தைப் பொத்துவார்கள். நெல்லைப் பக்கத்தில் பெட்டி முடைவார்கள். தென்னங்கீற்றைக் கிடுகாக்குவதும் முடைதலே. மூடியுள்ள பெட்டியில் வேறொரு சோதனை இருக்கிறது. மூடி தனியே முடையப்படுவது. அடிப்பெட்டியைவிட ஒரு மயிரளவு பெரிதாக இருந்தால்தான் அது வழுக்கி இறங்கும், கூடினால் கழன்று விழும். கணக்கை எழுதிப் பார்க்காமல், இழை எண்ணிக்கையையும் கை இறுக்கத்தையும் கொண்டே இந்த அளவு எட்டப்பட்டது. கை இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே ஊரில் ஒரே மாதிரிப் பெட்டிகள் பத்து இருந்தாலும் எது யார் கைவேலை என்று பழகியவர் தொட்டுச் சொல்லிவிடுவதற்கு அதுவே காரணம். பெயர் பொறிக்காத கலையில் கையெழுத்து இவ்வாறு இழைக்குள் ஒளிந்திருந்தது.

முடைந்த பொருள்களின் பெயர்களே ஒரு வீட்டின் வாழ்க்கையைச் சொல்லிவிடும். எருவும் மண்ணும் நெல்லும் சுமக்கக் கடகம், நாஞ்சில் நாட்டு வாய்வழக்கில் அதுவே கடவம், தானியம் வைக்க ஓலைப்பெட்டி, வெற்றிலை பாக்கும் சில்லறைக் காசும் வைத்து இடுப்பில் செருகக் கொட்டப்பெட்டி, பண்டம் வைக்க நார்ப்பெட்டி, உட்காரத் தடுக்கு, புடைக்கச் சுளகு, குழந்தைக்குக் கிலுகிலுப்பை. யாழ்ப்பாணச் சமையலறையில் பிட்டு அவிப்பது கூம்பு வடிவான நீற்றுப்பெட்டியில். ஓலை இடுக்குகளின் வழியே ஆவி ஏறுவதால் மாவு வேகும்போதே ஓலையின் மணமும் அதில் சேர்கிறது. அங்கே மீன் வாங்கச் செல்பவர் கையில் இருந்தது உமல் என்ற ஓலைப்பை. பனங்கட்டி விற்பனைக்கு வந்தது குட்டான் என்ற சிறு ஓலைக்கூட்டில். இவை எல்லாவற்றிலும் ஒரு பொது இயல்பு உண்டு. எந்தப் பொருளும் பொதுவான கலமாக இல்லை. இன்ன பண்டத்துக்கு, இன்ன கைக்கு, இன்ன இடத்துக்கு என்று அளவெடுத்தே ஒவ்வொன்றும் முடையப்பட்டது. முடைந்தவளும் பயன்படுத்துபவளும் பெரும்பாலும் ஒருத்தியே என்பதால் குறை இருந்தால் அடுத்த பெட்டியில் திருந்திவிடும். வீட்டில் முடைவதில் இருந்த இன்பத்தில் பெரும்பங்கு இந்த உரிமையிலிருந்து வந்தது: என்ன முடைவது, எப்போது நிறுத்துவது, யாருக்குத் தருவது என்பவற்றை முடைபவளே தீர்மானித்தாள்.

ஆனால் எல்லா வீட்டிலும் அது இன்பமாக மட்டுமே இருந்ததாக எழுதிவிடுவது உண்மைக்குப் பொருந்தாது. பனையேறும் குடும்பங்களில் ஆண்டின் கணக்கு பதநீரை ஒட்டியது. ஏறத்தாழ மாசி, பங்குனி தொடங்கி ஆடி வரையிலான பருவத்தில் ஆண்கள் நாளுக்கு இருமுறை மரமேற, பெண்கள் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். அனலும் புகையும் சூழ்ந்த கடும் உழைப்பு அது. பருவம் ஓய்ந்ததும் வருவாயும் ஓய்ந்துவிடும். அந்த இடைவெளியில் முடைந்த பெட்டியும் பாயும்தான் சந்தைக்குப் போய் உப்பும் அரிசியுமாகத் திரும்பின. ஊற்றிய கருப்பட்டியைச் சேமிக்கவும் ஓலைப்பெட்டியே வேண்டும். அடுப்புக்கு மேலே பரணில் புகை படும்படி வைத்தால் மழைக்காலத்திலும் அது இளகாது. ஆகவே திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்துத் தேரிக்காடுகளில், அதாவது செம்மணல் மேடுகளில், முடைதல் பிழைப்பின் பகுதி. அதே மாவட்டத்தில் வசதியுள்ள வீட்டில் அது மாலைப் பொழுதின் துணை. இரு இடத்திலும் இழை ஒன்றே, மூலை திருப்பும் முறையும் ஒன்றே. வேறுபட்டது, முடிந்த பெட்டி வீட்டில் தங்கியதா வெளியே போனதா என்பதுதான்.

மூங்கில் கூடை வரலாற்றோடு ஒப்பிட்டால் இன்னொன்றும் தெளிவாகும். மூங்கிலைப் பிளக்க வலிமையும் கருவியும் காட்டு உரிமையும் வேண்டும். ஆதலால் அது குறிப்பிட்ட சில சமூகத்தாரின் குலத்தொழிலாக நின்று, அவர்கள் ஊர் ஊராகக் கொண்டுசென்று விற்கும் பண்டமாயிற்று. ஓலை முடைதல் அவ்வாறு ஒரு குலத்துக்குள் அடங்கவில்லை. பனையேறும் குடும்பத்துப் பெண்கள் முடைந்தார்கள். மணப்பாடு போன்ற முத்துக்குளித்துறைக் கடற்கரை ஊர்களில் கத்தோலிக்கப் பெண்கள் முடைந்தார்கள். வடக்கே பழவேற்காட்டில் முஸ்லிம் பெண்கள் முடைந்தார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் ஆச்சிமார் முடைந்தார்கள். இத்தனை வேறுபட்ட வீடுகளுக்குப் பொதுவான கைவேலை தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. குருத்தோலை ஞாயிறன்று தேவாலயத்தில் சிலுவையாக மடிக்கப்படும் ஓலையும், கோயில் திருவிழாவில் தோரணமாகவும் கிளியாகவும் மடிக்கப்படும் ஓலையும் ஒரே விரல் பழக்கத்திலிருந்து வருபவை.

செட்டிநாட்டில் இவ்வேலை அடைந்த நயம் தனியே குறிப்பிடத்தக்கது. கொட்டான் என்ற பெயருடைய அங்கத்திய சிறு பெட்டிகள் திருமணம் முதலிய சடங்குகளில் வெற்றிலை பாக்கும் பழமும் பலகாரமும் வைத்து வழங்கப் பயன்பட்டன. பெண்ணுக்கு எண்ணி எண்ணிச் சீர் வைக்கும் அந்தச் சமூகத்தில் கொட்டானும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. ஆண்கள் பர்மாவிலும் மலாயாவிலும் வணிகத்துக்காக ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்க, பல கட்டு வீடுகளில் பெண்கள் கூடி முடைந்த இப்பெட்டிகளில் வண்ண ஓலைக்கட்டங்களோடு மணியும் குஞ்சமும் ஊசிப்பின்னல் உறையும் சேர்ந்துகொண்டன. தேவைக்கு மேற்பட்ட வேலை என்று இதைச் சொல்லலாம். ஆனால் தேவைக்கு மேற்பட்ட இடத்தில்தான் கைவினை தன்னைக் கலையாக உணர்கிறது. வீட்டின் தூணும் கதவும் தச்சர் கைவண்ணம், வெள்ளிப் பாத்திரம் கொல்லர் கைவண்ணம். வீட்டுப் பெண் தன் கையால் செய்து சபையில் வைக்கக்கூடிய பொருள்களுள் கொட்டானும் ஒன்று. அதில் அவள் அத்தனை அக்கறை காட்டியதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பனை ஆங்கிலேயரின் ஏடுகளில் ஏறியது. இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல், பனையேறும் மக்களைப் பற்றி 1849இல் வெளியிட்ட நூலில் மரத்தையும் ஏறும் தொழிலையும் விரிவாக விவரித்தார். அம்மக்களை அவர் சித்திரித்த முறை பின்னாளில் அவர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. வில்லியம் பெர்குசன் இலங்கையிலிருந்து 1850இல் பனையைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். பனையின் 801 பயன்களைப் பாடும் தாலவிலாசம் என்ற தமிழ்ப் பாடலை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்திய பெருமை அவருடையது. இத்தகைய நூல்களில் ஓலையால் என்னென்ன செய்யலாம் என்ற விவரம் கிடைக்கும், செய்தவளைப் பற்றிய விவரம் கிடைக்காது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் கூடையும் பாயும் செய்வோரைத் தொழில் வாரியாக எண்ணின. விற்பனைக்குச் செய்தவர்கள் மட்டுமே அவ்வெண்ணிக்கையில் வந்தார்கள். தன் வீட்டுக்கு முடைந்தவள் எந்த அட்டவணையிலும் தொழிலாளியாக ஏறவில்லை. ஒரு கைவினையில் மிகப் பெரும்பாலோர் செய்த பகுதி கணக்கிலிருந்தே விடுபட்டுவிட்டது என்பதை, இப்புள்ளிவிவரங்களை எடுத்தாளும் ஆய்வாளர்கள் மறக்கக் கூடாது.

இருபதாம் நூற்றாண்டில் முடைதலுக்கு விலை வைக்கும் முயற்சிகள் அமைப்பு வடிவம் பெற்றன. காந்தியடிகள் 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கமும், அதை நடத்திய தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி.குமரப்பாவும், பனையைக் கள்ளின் மரமாக மட்டும் பார்க்காமல் வெல்லத்தின் மரமாகவும் ஓலையின் மரமாகவும் பார்க்கும் பார்வையைப் பரப்பினார்கள். 1957இல் அமைந்த காதி கிராமத் தொழில் ஆணையம் அதே வழியில் தொடர்ந்தது. தமிழ்நாட்டில் பனைப்பொருள் வளர்ச்சிக்கு வாரியமும், இலங்கையில் 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் ஏற்பட்டன. மணப்பாட்டிலும் பழவேற்காட்டிலும் பெண்களின் கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாக ஓலைப்பெட்டிகள் நகரங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றன. இதனால் விளைந்த நன்மை கண்கூடு: பெண் கையில் சொந்தப் பணம் வந்தது, வீட்டை விட்டுப் போகாமலே வந்தது. மாற்றமும் விளைந்தது. கேட்பவர் சொன்ன அளவு, சொன்ன நிறம், சொன்ன எண்ணிக்கை என்றானபோது, ஒரே பெட்டியை நூறு முறை முடைய வேண்டிவந்தது. ஒரு நாள் முழுவதும் குனிந்திருந்து முடைந்ததற்குக் கிடைத்த கூலி, வெளியே சென்று செய்யும் பிற வேலைகளின் கூலியோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தது. வீட்டு வேலைக்கு இடையே செய்வதுதானே என்ற எண்ணமே அக்குறைந்த கூலிக்குச் சாக்காயிற்று. இன்பமாகச் செய்த வேலை என்பதால் அதற்கு விலை குறைவு என்று கொள்வது அநீதி. கைவினை விரும்பிகள் இந்த அநீதியைப் போதிய அளவு பேசவில்லை.

இதற்குள் அலுமினியமும் எவர்சில்வரும் அவற்றின் பின்னே பிளாஸ்டிக்கும் சமையலறைக்குள் நுழைந்துவிட்டன. பிளாஸ்டிக் குடமும் வாளியும் பையும் மலிவானவை, நனைந்தால் கெடாதவை, பூச்சி அரிக்காதவை. ஓலைப்பெட்டி இவற்றோடு போட்டியிட முடியவில்லை. செங்கல் சூளைக்கு விறகாகவும் பனைகள் ஏராளமாக வெட்டப்பட்டன. இலங்கையின் வடபகுதியில் நீண்ட போர் எண்ணற்ற பனைகளை அழித்தது. மரமேறுவோர் குறையக் குறைய, நிற்கும் மரத்திலிருந்தும் ஓலை இறங்குவது நின்றது.

இந்த இடத்தில் வரலாறு எதிர்பாராத ஒரு வழியில் திரும்பியது. ஓலையை வெளியேற்றிய அதே பிளாஸ்டிக், ஒயர் என்ற வடிவத்தில் திண்ணைக்குத் திரும்பி வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், பனங்காட்டையே பார்த்திராத நகரத்து வீடுகளிலும் தெருவுக்கு நாலு பேர் ஒயர் கூடை பின்னினார்கள். கட்டுக் கட்டாகக் கிடைக்கும் வண்ண ஒயரை அளந்து வெட்டி, ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, ரன்னிங் ஒயர் எனப்படும் தொடர் ஒயரோடு முடிச்சிட்டு வரிசை வரிசையாக அடியைப் பின்னி, பின் பக்கச் சுவரை எழுப்பி, விளிம்பை மடக்கி, கைப்பிடி கோர்த்து முடிப்பது அதன் முறை. முடிச்சுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்கள் இலக்கணம் வல்லாரும் வியக்கத்தக்கவை: சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட். வயற்காட்டுக் கடகத்தின் இடத்தில் காய்கறிச் சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகத்துக்கும் செல்லும் கூடை வந்தது. மதியச் சோற்றுப் பாத்திரம் எத்தனை அடுக்கு என்று கேட்டு அதற்கேற்ற அகலத்தில் பின்னித் தந்தார்கள். ஓலைக்கு இருந்த பருவமும் ஈரமும் ஒயருக்கு இல்லை. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், பாதியில் வைக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டில் பார்த்துக் கற்பதும், தப்பு முடிச்சை அவிழ்த்துத் தரும்படி மூத்தவளிடம் கொண்டுபோவதும், முதலில் பின்னியதை அக்காளுக்கோ அத்தைக்கோ கொடுத்துவிடுவதும் மாறவில்லை. கைவினை ஆய்வுகள் ஒயர் கூடையைப் பொருட்படுத்துவதில்லை. மரபான மூலப்பொருள் இல்லை என்பது அவற்றின் காரணம். பொருளை மட்டும் பார்த்தால் அது சரி. முடைகிறவர்களைப் பார்த்தால், இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் ஒன்று பொருள் மாறியும் விடுபடாமல் வந்த இடம் அதுவே.

இந்நூற்றாண்டில் ஓலைக்கும் ஓரளவு மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. மறையும் நிலைக்கு வந்துவிட்ட கொட்டானை, செட்டிநாட்டு அறக்கட்டளை ஒன்று முதிய ஆச்சிமாரிடம் எஞ்சியிருந்த அறிவைத் திரட்டி, ஊர்ப்பெண்களுக்குப் பயிற்சி தந்து மீட்டது. 2012–13இல் செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்றது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாட்டு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தபின், திருமணத் தாம்பூலத்துக்கும் இனிப்புக் கடைகளுக்கும் ஓலைப்பெட்டி கேட்பது கூடியது. 2021இல் வந்த வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை வழங்கத் திட்டமிட்டு, மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும் அறிவித்தது. விதை முளைத்து மரமாகப் பதினைந்து, இருபது ஆண்டுகள் ஆகும். வடலியில் ஏணி வைக்காமலே குருத்து வெட்டலாம் என்பதால் முடைபவர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை. அவர்களுக்கு இப்போது அரிதானது ஓலையை வெட்டி இறக்கும் ஆள்.

சந்தையில் இன்று வாங்கும் கடகங்கள் பலவற்றில் விளிம்பைக் கட்டியிருப்பது அகணி நார் இல்லை. பெட்டிகளைச் சிப்பம் கட்டும் பிளாஸ்டிக் நாடா. நார் கிழிப்பதற்கு நேரமும் மட்டையும் கிடைக்காத இடத்தில் முடைபவள் கண்ட வழி அது. நாடா நாரைவிட வழுக்கும் என்பதால் அதற்குப் பழைய முடிச்சு நிற்காது. ஆகவே விளிம்பில் ஒரு சுற்றுக்கு இரண்டாகச் செருகி இறுக்குகிறார்கள், உள்ளே ஓலை முன்போலவே ஒன்றுவிட்டு ஒன்றாக ஏறி இறங்குகிறது.